தொண்ணூற்றெட்டரை

குஞ்சு பொரிக்கும் மெஷின் வைத்திருக்கிற வீடு எது என்று அந்தத் தெருவில் கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள். இருபத்தொண்ணு அக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், தூங்குகிறவன்கூட எழுந்து வந்து வழி காட்டுவான். முட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "எப்பக்கா வரும்?" அதற்கு அக்கா சொல்கிற ஒரே பதில், "இருபத்தொண்ணு." ஒன்பது வருஷம் இதையே சொன்னால் பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்? எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை, "எங்க வீட்டுக்கு எப்ப வரப்போறீங்க?" என்று கேட்டதற்குக்கூட அக்கா வாய் தவறி இருபத்தொண்ணு என்றுவிட்டாள். நாமும் அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன்னால் அக்கா பன்னிரண்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். காலர் மட்டும்தான். முழுச் சட்டை ஒன்றைத் தைத்துப் பார்த்ததே இல்லை. ஒருநாள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து, பார்க்கிறவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் அவள் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைச் செய்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவர் பிரிட்ஜ் மெக்கானிக். ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வராத பழைய பிரிட்ஜ் ஒன்று அவர் கடையில் கிடந்தது. அதன் வயிற்றில் இருந்ததை எல்லாம் பிடுங்கிவிட்டு ஹீட்டர் கம்பி, சின்ன ஃபேன், தண்ணீர்த் தட்டு, முட்டை அடுக்க மூன்று தட்டுகள் என்று பொருத்தினார். வெளியே ஒரு நெம்புகோல். அதைத் தள்ளினால் தட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும், இழுத்தால் மறுபக்கம். கோழி தன் அலகால் முட்டையைப் புரட்டுகிற வேலையை அது செய்தது. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ். பக்கவாட்டில் துளை போட்டு, ரப்பர் அடைப்பில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர். குளிர வைப்பதற்கென்று பிறந்த பெட்டி சூடு கொடுக்க ஆரம்பித்தது.

முட்டைக்குத் தொண்ணூற்றொன்பதரை டிகிரி சூடு வேண்டும் என்பது ஊரறிந்த கணக்கு. அக்காவும் முதல் வருஷம் அதைத்தான் வைத்தாள். குஞ்சுகள் இருபதாம் நாளே அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன, தொப்புள் மூடாமல், நிற்கத் தெம்பில்லாமல். சூடு அதிகம் என்று புரிந்தது. கால் டிகிரி, கால் டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை காட்டும்படி வைத்தபோது குஞ்சுகள் சொல்லிவைத்தாற்போல் இருபத்தோராம் நாள் காலையில் வந்தன. இந்தப் பெட்டியின் குணம் அப்படி என்று அக்கா முடிவு கட்டினாள். கதவின்மேல் பெரிதாக 98½ என்று எழுதி வைத்தாள். அதன்பிறகு ஒன்பது வருஷம் அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அக்காவின் நாத்தனார் மட்டும் அந்தப் பெட்டியை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. நாலு தெரு தள்ளி அவளுக்கு ஒரு வீடு, பின்னால் ஒரு கோழிக்கூண்டு. முப்பத்தோரு கோழி, இரண்டு சேவல். சாம்பல் நிறம், மேலே வெள்ளைப் புள்ளி. எந்தக் கோழி மழையிலும் முட்டையிடுகிறது, எது நோய்க்கு அசராமல் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, பதினோரு வருஷம் பொறுக்கி எடுத்து உண்டாக்கிய கூட்டம் அது. அந்த மாதிரிக் கோழி வேறு யாரிடமும் கிடையாது. குஞ்சு வேண்டுமென்றால் அவள் கோழியைத்தான் அடையில் உட்காரவைப்பாள்.

"கரண்ட்டுக்கு என்ன அண்ணி தாய்ப்பாசம் தெரியும்?" என்பாள்.

"கரண்ட் பாதியில எழுந்து மேயப் போகாதும்மா," என்பாள் அக்கா.

இப்படி வருஷக்கணக்காக ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை, காலில் செருப்பில்லை. கையில் ஒரு கூடை, அதன்மேல் துண்டு. முந்தின நாள் ராத்திரி நாய்கள் கூண்டுக்குள் புகுந்துவிட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. சமையலறையில் அந்த வாரம் சேர்த்து வைத்திருந்த அறுபத்து நாலு முட்டை மட்டும் இருந்தது.

"அண்ணி, இவ்வளவுதான் மிச்சம்," என்றாள். "அடைக்கு உட்கார வைக்க ஒரு கோழிகூட இல்ல. உங்க பெட்டியில வைப்பீங்களா?"

கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் அக்காவுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி வாய் வரும்? கூடையை வாங்கிக்கொண்டு, "உள்ள வா, முதல்ல டீ குடி," என்றாள்.

நல்லவேளையாகப் பெட்டி கழுவித் தயாராக இருந்தது. இரண்டு நாள் முன்னால் மெக்கானிக்தான் கழுவி வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டுச் சூடேற்றியபோது தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதரை காட்டியது. கழுவின கையோடு மனுஷன் குமிழையும் திருப்பியிருப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா குமிழைக் குறைத்தாள். தொண்ணூற்றெட்டரைக்கு வந்து நின்றது. முட்டைகளைப் பருத்த முனை மேலே இருக்கும்படி அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து நாத்தனார் தினமும் வந்தாள். பெட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நெம்புகோலைத் தள்ளுவதற்கு அக்காவோடு போட்டி. பதினெட்டாம் நாள் அக்கா ஜன்னலை மூடி, டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழு முட்டையில் ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டாள். மீதி ஐம்பத்தேழிலும் இருட்டாக உயிர் அசைந்தது. பருத்த முனையில் காற்று இருக்கிற இடம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. சோம்பேறிப் பசங்கள் போல என்று நினைத்தாளே தவிர, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டைகளைக் கீழ்த் தட்டுக்கு மாற்றி, தண்ணீரை நிரப்பி, கதவைச் சாத்தினாள்.

"இனிமே குஞ்சு வர்ற வரைக்கும் கதவைத் தொடக்கூடாது. தொறந்தா ஈரம் போயிடும். ஈரம் போனா உள்தோல் காஞ்சு குஞ்சோட உடம்புல ஒட்டிக்கும், அதால திரும்ப முடியாது, உள்ளயே செத்துடும். புரியுதா?"

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள் நாத்தனார்.

இருபதாம் நாள் சாயங்காலமே ஓட்டில் கீறல் விழ வேண்டும். விழவில்லை. இருபத்தோராம் நாள் காலை நாத்தனார் ஓர் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்துவிட்டாள். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே பார்த்தால் ஐம்பத்தேழு முட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன. மணி பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒரு சத்தம் இல்லை. ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூடப் பெட்டி இப்படிச் செய்ததில்லை. செய்ய வேண்டுமென்றால் இந்த முறைதானா செய்ய வேண்டும்? வேறு யார் முட்டையாக இருந்தாலும் இன்னொரு கூடை கொண்டுவரச் சொல்லலாம். இவள் எங்கே போவாள்?

இரண்டு மணிக்கு நாத்தனார் எழுந்தாள். "போதும் அண்ணி. தொறங்க. ரெண்டு முட்டையை உடைச்சுப் பார்த்துடலாம்."

"கொஞ்சம் பொறு."

"எவ்வளவு நேரம் பொறுக்குறது? இருபத்தொண்ணு இருபத்தொண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க? செத்ததைப் பூட்டி வெச்சுக்கிட்டு என்ன பண்றது? உள்ள மூச்சுத் திணறிக்கிட்டு ஒண்ணு ரெண்டு இருந்தாக்கூட இப்ப உடைச்சாக் காப்பாத்திடலாம் இல்ல?" கைப்பிடியில் அவள் கை விழுந்துவிட்டது.

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் யோசித்தாள். நாத்தனார் சொல்வது சரியாகவும் இருக்கலாமே. இரண்டு பேரும் கைப்பிடியில் ஆளுக்கொரு கையோடு நிற்க, பின்னால் யாரோ கனைக்கிற சத்தம் கேட்டது. மெக்கானிக். சாப்பிட வந்தவர் வாசற்படியிலேயே நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, கையை எடு," என்றார். நாற்பத்திரண்டு வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். "ஒரு விஷயம் சொல்லணும். திட்டக்கூடாது."

"திட்டுறதா இல்லையான்னு கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள் அக்கா.

"அன்னிக்குப் பெட்டியைக் கழுவுறப்ப தெர்மாமீட்டர் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு."

"எந்தத் தெர்மாமீட்டர்? அதான் இருக்கே!"

"அது புதுசு. அதே மாதிரியே தேடி வாங்கி மாட்டிட்டேன். நீ கத்துவேன்னு சொல்லல."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷக் கத்தல் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது அப்படியே நின்றது. முதல் நாள் குமிழைத் தொடாமலே ஒரு டிகிரி ஏறிக் காட்டியது அவள் கண்முன் வந்தது.

"குமிழை நீங்க திருப்பினீங்களா?"

"சத்தியமா இல்ல. அது பக்கமே போகல."

அக்கா அலமாரியிலிருந்து ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்தாள். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் துளையிலிருந்து புதுத் தெர்மாமீட்டரை உருவி, துளையைத் துணியால் அடைத்து, இரண்டையும் சேர்த்துத் தண்ணீரில் விட்டாள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஜுரத் தெர்மாமீட்டர் நூற்றொன்று. புதுசும் நூற்றொன்று.

"அட கடவுளே!" என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு? சொல்லிட்டுச் சிரிங்க!"

"புதுசு சரியாத்தான் காட்டுது. பழசுதான் பொய்! ஒன்பது வருஷமா அந்தக் கடன்காரன் ஒரு டிகிரி குறைச்சே காட்டியிருக்கான். அவன் தொண்ணூத்தெட்டரைன்னு சொன்னப்ப உள்ள உண்மையில தொண்ணூத்தொன்பதரை இருந்திருக்கு. எல்லாரும் வைக்கிற சூடுதான். நான் என்னமோ பெட்டியோட குணம்னு கதவுல எழுதி வெச்சேன்! இப்ப உண்மை சொல்ற ஒருத்தன் வந்ததும், நானே போய் ஒரு டிகிரி குறைச்சிருக்கேன்."

"அப்ப குஞ்சுங்க குளிர்ல செத்துடுச்சா?"

"சாகலடி! பதினெட்டாம் நாள் நீயும்தானே பார்த்தே? ஒரு டிகிரி குறைஞ்சா மெதுவா வளரும். ஒருநாள், ஒன்றரை நாள் லேட்டா வரும். அதுங்களுக்கு இன்னிக்கு இருபதுதான். நீ மட்டும் இப்பத் தொறந்திருந்தே..."

நாத்தனார் தன் கையைப் பார்த்தாள். அதை ஏதோ சுட்டுவிட்டதுபோல மடியில் வைத்துக்கொண்டாள்.

தெர்மாமீட்டர் துளைக்குத் திரும்பியது. குமிழைத் தொண்ணூற்றொன்பதரைக்கு ஏற்றினாள் அக்கா. மெக்கானிக் இன்னும் வாசற்படியிலேயே நின்றார். "அப்ப திட்டு இல்லையா?" என்று கேட்டார்.

"உண்டு. இன்னிக்குத் தெம்பில்ல. நாளைக்கு வாங்கிக்கோங்க. இப்ப போய்ச் சாப்பிடுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாத்தனார் வந்து பெட்டியின் கதவில் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. அக்கா பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். நாத்தனாரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து கதவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கத்துதுங்க அண்ணி," என்றாள். "உள்ள இருந்து கத்துதுங்க."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயில் நுரையோடு அவளும் காதை வைத்தாள். ஓட்டுக்குள்ளிருந்து கீச், கீச் என்று ஒன்று, அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று. ஒன்பது மணிக்கு முதல் கீறல் விழுந்தது. மத்தியானத்துக்குமேல் கண்ணாடிச் சதுரத்தில் ஒரே தள்ளுமுள்ளு. ஈரமாக, அலங்கோலமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு வந்தன. மெக்கானிக் கடைக்குப் போகாமல் நின்று எண்ணினார். எண்ணிக்கை தப்பியது. மறுபடி எண்ணினார். சாயங்காலம் கதவைத் திறந்தபோது நாற்பத்தொன்பது குஞ்சுகள் உலர்ந்து உருண்டையாக நின்றன. சாம்பல் நிறத்தில், தலையில் வெள்ளைப் பொட்டோடு. நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்து, வைக்கோலில் விட்டாள். என்னென்னவோ பேசினாள், யாருக்கும் புரியவில்லை. இருபத்து மூன்று நாளில் அவள் சிரித்தது அன்றுதான்.

தட்டில் எட்டு முட்டை மிச்சம் இருந்தது, கீறல் இல்லாமல். அக்கா தட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. "நாற்பத்தொன்பதே பெரிசு. இதுங்க அவ்வளவுதான்," என்று ஸ்விட்சை அணைக்கப் போனாள்.

நாத்தனார் பாய்ந்து வந்து ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும் அண்ணி."

"வராதும்மா. எனக்குத் தெரியாதா?"

"வராட்டிப் போகுது. நேத்து இந்நேரம் எல்லாத்தையும் உடைக்கப் பார்த்தவ நான். இதுங்களுக்கு ஒருநாள் கொடுக்குறதுல என்ன வந்துச்சு?"

அக்கா அவளைப் பார்த்தாள். தண்ணீர்த் தட்டை நிரப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மத்தியானம் அந்த எட்டில் இரண்டு வந்தன.