இடது காதில் கூடிய சத்தம்

எனக்குப் பொறுமை கிடையாது. சவுண்ட் வேலைக்குப் பொறுமைதான் முதல் என்பார்கள். அது இல்லாமலேயே எனக்கு இத்தனை வருஷம் ஓடிவிட்டது. ஒரு மெல்லிசைக் குழுவில் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவன் நான். அதே குழுவில் என் மனைவி பாடுகிறாள். ஆரப்பாளையத்தில் வீடு. கச்சேரிச் சாமான்கள் வேனில் முன்னால் போய்விடும், நாங்கள் பைக்கில் போவோம்.

அன்று திருவாதவூரில் திருவிழாக் கச்சேரி. வழி நெடுக என் வலது தோளில் தாடையை வைத்துக்கொண்டு பேசியபடியே வந்தாள். கொஞ்ச நாளாக இப்படித்தான். முன்பெல்லாம் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவள், இப்போது இரு பக்கமும் கால் போட்டு வலப்பக்கமே சாய்கிறாள்.

"நேரா உக்காரு, வண்டி இழுக்குது" என்றேன்.

"இழுக்கட்டும்" என்றாள்.

என் எரிச்சலுக்கு நிஜமான காரணம் வேறு. குழுவில் எல்லாருக்கும் வயர்லெஸ் இயர் மானிட்டர் வாங்கியிருந்தோம். மேடையில் பாடுகிறவர்களைப் பார்த்து இரைந்துகொண்டிருக்கும் பாக்ஸ்கள் இனி வேண்டாம். ஆளுக்கொரு சின்ன ரிசீவரை இடுப்பில் செருகி, அதன் வயரைக் காதில் மாட்டினால் போதும். தன் குரலும் தாளமும் காதுக்குள்ளேயே கேட்கும். நான்தான் சண்டை போட்டு வாங்க வைத்தேன். ஆனால் மாட்டிய நாளிலிருந்து ஒரே புகார், இடது பக்கம் காதைக் கிழிக்கிறது என்று.

போன கச்சேரியில் டிரம்ஸ்காரன் பாதியிலேயே இடது காதில் இருந்ததைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டான். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான். "அண்ணே, அடுத்த தடவையும் இப்படி இருந்துச்சுன்னா மிக்ஸுக்கு வேற ஆளைப் பாத்துக்கிருவோம்" என்றான். குழுவில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் அவனை அதட்டவில்லை. அது எனக்கு அவன் சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

திருவாதவூரில் வெயில் தாழும் முன்பே வேலையைத் தொடங்கினேன். ரிசீவரை மாட்டியதும், "சாம்பார் வாளி எங்கப்பா போச்சு" என்று யாரோ என் காதுக்குள் கேட்டார். அன்னதானப் பந்தலில் இருந்த கார்ட்லெஸ் மைக்கும் நாங்களும் ஒரே அலைவரிசையில் இருந்திருக்கிறோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். காலியான அலைவரிசையைத் தேடிப் பிடித்து அனுப்பும் பெட்டியையும் எல்லா ரிசீவரையும் அதற்கு மாற்றினேன். சாம்பார் போய்விட்டது. வாசிக்கச் சொன்னேன்.

"இடது இன்னும் கத்துதுண்ணே" என்றான் டிரம்ஸ்காரன்.

எனக்கோ இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. பேட்டரிகளை மாற்றினேன். ஆன்டெனாவை இரும்புக் கம்பத்தை விட்டுத் தள்ளிக் கட்டினேன். மிக்ஸரிலிருந்து போகும் வயர்களைப் புதிதாகப் போட்டேன். இடது பக்கத்தைக் குறைத்துப் பார்த்தால் என் காதுக்கு அது செத்துக் கிடந்தது. மறுபடி ஏற்றினேன். மேடையில் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"எனக்கு நல்லாத்தானய்யா கேக்குது. ஒங்க எல்லாருக்கும் காதுல என்ன கோளாறு?" என்று எரிந்து விழுந்தேன்.

பாக்கி இருந்தது நான் மாட்டியிருந்த இயர்போன் மட்டும். பழுது எங்கே என்று தெரியாவிட்டால் இடம் மாற்றிப் பார்ப்பது எங்கள் வேலையில் பழக்கம். சாமானோடு பழுதும் நகர்ந்தால் சாமான் சரியில்லை என்று அர்த்தம். இடது காதுக்குரியதை வலது காதில் வைத்தேன். கீபோர்டு ஊசியாக இறங்கியது. இத்தனை நாளாக இதையா இவர்கள் காதில் ஊற்றிக்கொண்டிருந்தேன்? வலதுக்குரியதை இடது காதில் வைத்தேன். அதே வாசிப்பு தெருக்கோடி வீட்டில் நடப்பது போலக் கேட்டது. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பழுது இடது காதை விட்டு நகரவே இல்லை.

பயந்துபோனேன். எதையாவது திருக வேண்டும் என்று கை பரபரத்தது. திருகுவதற்கு ஒன்றும் இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் வந்த வழிக்கு என் இடப்பக்கம்தான் கிட்டம். ஆனால் அவள் சேலையைத் தூக்கிப் பிடித்து, வயர்களைத் தாண்டி, மிக்ஸரைச் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றாள். பைக்கில் அவள் சாய்ந்து வந்தது ஞாபகம் வந்தது. வீட்டில் சாப்பிட உட்காரும் இடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நாளா தெரியும்?"

"பொங்கலுக்கு முந்தியே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. இந்தப் பக்கமா நின்னுதான் சொன்னேன்" என்று என் இடது தோளைத் தொட்டாள். "நீங்க திரும்பவே இல்ல. அதுக்கப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். "இப்ப நான் மேல போறேன். கையக் காட்டுற வரைக்கும் இடதக் கொறைங்க."

மேடையேறிக் காதில் மாட்டிக்கொண்டு தலையசைத்தாள். குறைத்தேன். உள்ளங்கையை இன்னும் கீழே, இன்னும் கீழே என்று இறக்கினாள். அவள் கை நின்றபோது என் இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"இப்பத்தாண்ணே சரியா இருக்கு" என்றான் டிரம்ஸ்காரன்.