கிளினிக் நாள் மாத்திரை

வட்டவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ராக்காயியின் வலக்கை பேர்போனது. அந்தக் கை கொழுந்து எடுக்கும் வேகத்துக்கு ஈடு கிடையாது. அவளுக்குப் பிரசர் என்று தெரிந்ததும் டாக்டர் மூன்று மாத்திரை கொடுத்தார். ஒன்று உப்பையும் நீரையும் சிறுநீராக இறக்கும். இன்னொன்று ரத்தக் குழாய்களை விரிக்கும். காலும் சற்று வீங்கும். மற்றது நெஞ்சின் ஓட்டத்தைத் தணிக்கும்.

"நெனச்சப்ப நிறுத்திடாதீங்கம்மா, நெஞ்சு தறிகெட்டு ஓடும்" என்று நர்ஸ் சொல்லத்தான் செய்தாள்.

மலையில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பும் இல்லை. கீழ் ரோட்டில் கங்காணி நிற்பார். நீர் மாத்திரை போட்ட காலையில் ராக்காயி இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தாள். நெஞ்சு மாத்திரை போட்டால் ஏற்றத்தில் கால் கல்லாய்க் கனத்தது. கொழுந்து குறைந்தது, அரைப்பேர் விழுந்தது, பாதி நாள் சம்பளந்தான்.

"என்னா ராக்காயி, கொழுந்தெடுக்க வந்தியா, மாப்புள பாக்க வந்தியா? அன்ன நடை நடக்குற!" என்றார் கங்காணி அழகன். கொழுந்தெடுத்த பெண்கள் நிரை முழுக்கச் சிரித்தது.

அதன்பின் வேலை நாளில் மாத்திரையைத் தொடவில்லை. கிளினிக் நெருங்கும்போது மட்டும் ஒழுங்காகப் போடுவாள். பிரசர் அடங்கித் தெரியும், டாக்டர் தலையாட்டுவார். லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வேலாயிக்கும் பிரசர் வந்தபோது ராக்காயிதான் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்: "கிளினிக்குக்கு நல்ல புள்ளயா இருந்தா போதும்டி."

ஐப்பசி மழையில், மேல்மலையில், நெஞ்சு படபடவென்று அடித்தது. கையிலிருந்த கொழுந்து உதிர்ந்தது, ராக்காயியும் சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் உயிர் திரும்பியது. வலக்கையும் பேச்சும் திரும்பவில்லை.

இப்போது லயத்தில் கிடக்கிறாள். வேலைக்குப் போகுமுன் வேலாயி வந்து அதே மாத்திரைகளை வாயில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"முழுங்குக்கா. இனிமே ஒனக்கு மலையா கெலயா? நிம்மதியா போடலாம்."

ராக்காயி இடக்கையால் மாத்திரை உறையைக் காட்டினாள். பிறகு வேலாயியின் நெஞ்சைத் தொட்டாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"நானா? நான் போடலக்கா. இன்னைக்கு மேல்மலை. அடுத்த வாரந்தானே கிளினிக்கு, அப்ப போட்டுக்கிறேன்."

ராக்காயி அவள் படங்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். வலிக்கிறதாக்கும் என்று நினைத்த வேலாயி அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிறதென்று ஓடினாள்.