பின்கட்டுக்கு ஒரு கேபிள்

"ஃபுல் பார் காட்டுதே, பெறகு என்ன?"

இந்த ஒரு கேள்வியை என் கணவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று எண்ண உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கேட்கும்போதெல்லாம் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். அதில் வைஃபை குறி முழுசாக நிற்கும். அதே நேரத்தில் என் காதில் மாட்டிய ஹெட்போனில் கோவையிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ ஒருவர், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருப்பார். நான் லைனில்தான் இருப்பேன். என் குரல்தான் அவருக்குப் போகாது.

சூரியநெல்லியில் எங்கள் வீடு. முன்பக்கத்து மூன்று அறைகளை மூணாறு பார்க்க வருகிறவர்களுக்கு விட்டிருக்கிறோம். பின்கட்டில் கணவர், மாமியார், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், நான். பின்கட்டு பழைய கருங்கல் கட்டடம், சுவரே ஒன்றரை அடி கனம். அங்கே ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்து, வாங்கிய சட்டை வரவில்லை, வந்த சட்டை சேரவில்லை என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஏழு மணி வரை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றிருந்தார்கள். இரண்டாம் மாதமே என் மேலதிகாரி கூப்பிட்டு, பேச்சு பாதியில் அறுந்துபோவது இப்படியே தொடர்ந்தால் கொச்சி ஆபீசுக்கு வந்து வேலை செய்யுங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிள்ளையை விட்டுவிட்டு நான் எப்படிக் கொச்சிக்குப் போவேன்? நாற்பது வயதில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை. அதை ஒரு சுவர் தின்னப் பார்த்தது.

வீட்டில் யாருக்கும் இது வேலையாகவே தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். "அவ போன்ல பேசிக்கிட்டு இருக்கா" என்றுதான் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார். நெட் சரியில்லை என்று நான் இரண்டு மாதம் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. தங்க வந்த ஒரு புண்ணியவான் அதையே இணையத்தில் எழுதி இரண்டே நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே, வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் பெட்டிகள் மூன்று வந்து இறங்கின. ஒன்று முன்ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில், ஒன்று விருந்தாளிகளின் வராந்தாவில், போனால் போகிறது என்று ஒன்று எனக்கு.

மாட்டிக் கொடுக்க வந்த கேபிள்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். என் அறையில், என் மேசைக்கு முன்னால் நின்று, என்னைப் பார்த்து, "சேட்டன் இல்லே?" என்று கேட்டார். கணவர் டவுனுக்குப் போயிருக்கிறார், எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்றேன். "வேண்டா சேச்சி, சேட்டன் வரட்டே" என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கணவர் வந்ததும் அவரிடம் சொன்ன பெரிய ரகசியம் இதுதான்: வயரே வேண்டாம், பெட்டிகள் தன்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்கவா நான் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்?

மறுநாளும் லைன் அறுந்தது. அதற்குமேல் யாரையும் கேட்காமல் நானே படித்துப் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் போனில் முழுக் குறி காட்டத்தான் செய்யும். ஆனால் என் பெட்டிக்கு முன்ஹால் பெட்டியிலிருந்து காற்று வழியாகத்தான் நெட் வரவேண்டும். நடுவில் இரண்டு கருங்கல் சுவர். தொட்டி காய்ந்து கிடக்கும்போது குழாய் பளபளவென்று இருந்து என்ன பிரயோஜனம்? முன்ஹாலிலிருந்து ஒரு கேபிள் இழுத்து என் பெட்டியில் செருகிவிட்டால் சுவரைப் பற்றிய கவலையே இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"வயரு வேண்டாம்னுதான இத வாங்கினதே. சொவர ஓட்ட போட்டா அசிங்கமா இருக்கும்லா."

டிவிக்கு டிஷ் மாட்டியபோது அதே சுவரில் ஓட்டை போட அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அன்றைக்கு அசிங்கம் எங்கே போயிருந்தது? சரி என்று அந்த ஓட்டையையே எடுத்துக்கொண்டேன். வார விடுமுறை அன்று, இரண்டு முனையிலும் பிளக் மாட்டியே வந்த நாற்பது மீட்டர் கேபிளை வாங்கி வந்து ஏணி போட்டேன். கணவர் ஜீப்பில் விருந்தாளிகளோடு மலை காட்டப் போயிருந்தார். மாமியார்தான் வந்து, "விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்று திட்டிக்கொண்டே ஏணியைப் பிடித்தார். கேபிளின் தலை ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைச் சுற்றி அடைத்திருந்த சிமெண்டை ஸ்க்ரூ டிரைவரால் குடைந்து பெரிதாக்கினேன். தாழ்வாரத்தின் அடியோடு கொண்டுபோய், கிளிப் அடித்து, என் அறைக்குள் இறக்கினேன்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. மோடமும் ஒரு ரூட்டர், மெஷ் பெட்டியும் ஒரு ரூட்டர். ஒரே வீட்டில் இரண்டு பேரும் முதலாளி. போனில் உள்ள ஆப்பில் போய், பெட்டிகளை ஆக்சஸ் பாயிண்ட் என்று மாற்றினேன். அதற்குப் பிறகு மோடம் மட்டும்தான் முதலாளி, பெட்டிகள் வாங்கியதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அன்றைக்கே முப்பது நிமிடம் மகளின் டீச்சரோடு வீடியோவில் பேசிப் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

நான்கு நாள் ராஜ வாழ்க்கை. ஐந்தாம் நாள் மத்தியானம் இடி.

துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை மாதங்களில் எங்கள் மலையில் மத்தியானம் தாண்டினால் இடிதான். முதல் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் எல்லா பிளக்கையும் உருவிவிடுவார்கள். டிவி எரிந்த வீடும் உண்டு, மாடு செத்த வீடும் உண்டு, யாரும் இதில் விளையாட மாட்டார்கள். நானும் மேலதிகாரிக்கு, இடி, லாக் அவுட் செய்கிறேன், நின்றதும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று எழுதிவிட்டு எழுந்தேன். அரை மணியில் இடி ஓய்ந்தது. மாமியார் எல்லாவற்றையும் திரும்பச் செருகினார். கரண்ட் இருந்தது, பெட்டிகளில் விளக்குகள் எல்லாம் எரிந்தன, நெட் மட்டும் வரவில்லை. என் அறையில் மட்டுமல்ல, வீடு முழுக்க.

விருந்தாளிகள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். கணவர் கேபிள்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "சேச்சி வயர் இழுத்தப்பவே நான் நெனச்சு. பாக்ஸ் போயிருக்கும், மாத்தணும்" என்றது அந்தக் குரல். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மோடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. மோடத்தையும் மெஷ் பெட்டியையும் இணைக்கும் குட்டிக் கேபிளின் இரண்டு முனையும் மோடத்திலேயே செருகியிருந்தது. மோடம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வேறு யாருக்கும் வழிவிடாமல் திணறிக்கொண்டிருந்தது. ஒரு முனையை உருவிப் பெட்டியில் மாட்டினேன். வந்துவிட்டது. எந்தப் பெட்டியும் எரியவில்லை.

"அத்த, இத ரெண்டு பக்கமும் ஏன் உருவினீங்க?"

"ரெண்டு மொனையும் உருவுனாத்தான் பத்திரம். இடி வயர்லதான வரும்."

"திருப்பிச் சொருகும்போது பாத்துச் சொருகக் கூடாதா?"

"எல்லா ஓட்டையும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எவனாவது எனக்குச் சொல்லிக் குடுத்தானா? நீ குடுத்தியா?"

கொடுக்கவில்லை. கேபிள்காரர் என்னை நடத்திய மாதிரியே நான் மாமியாரை நடத்தியிருக்கிறேன். சுருக்கென்றது. நகப்பாலிஷ் எடுத்து வந்து ஓட்டைக்கும் முனைக்கும் ஒரே நிறத்தில் பொட்டு வைத்தேன். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று சொன்னேன். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி, சூப்பர்வைசர்களிடம் எடை குறைந்ததென்று வசவு வாங்கியவர் அவர். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பிறகு என் அறைக்கு வந்து, மேலதிகாரி அனுப்பியிருந்த செய்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு நாள் இப்படி நடந்தால் உங்களுக்காக என்னால் பேச முடியாது என்று இருந்தது. "இதுக்கும் எட குறையுதுன்னு ஏசுவானா?" என்றார். ஆமாம் என்றேன். நேரே முன்ஹாலுக்குப் போய்ப் பொட்டுகளை இன்னொரு தடவை சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு இடி ஓய்ந்த எல்லா நாளும் ஐந்து நிமிடத்தில் நெட் வந்தது. மூன்றாம் மாதக் கடைசியில், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மெயில் வந்தது.

கணவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரே ஒரு நாள்தான். மறுநாள் மத்தியானம், திருப்பூர்க்காரப் பெண் ஒருத்திக்குக் கிழிந்து வந்த சேலைக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவுப் பக்கம் அவர் குரல் கேட்டது. மாமியார் வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, தள்ளு. அந்தப் பெட்டிய எடுக்கணும். பக்கத்துல புதுசாக் கெட்டுன ரூமுக்குப் பெங்களூர்லருந்து ஆளு வந்துருக்கு. அவங்கல்லாம் வேல பாக்குறவங்க, நெட்டு இல்லன்னா போயிருவாங்க."

"அப்ப இவ என்ன, தாயம் ஆடிக்கிட்டா இருக்கா?" மாமியார் எழுந்திருக்கவே இல்லை. "ஏலே, அவ டூட்டில இருக்கா. ஏழு மணிக்கு முடியும். அதுக்குள்ள அந்த வயர்ல கைய வச்சேன்னு வையி, எடுத்த கை இருக்காது. அவங்களுக்கு வேணும்னா நீ ஏணி போட்டு ஒண்ணு இழு."

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

"பின்னாடி யாருங்க அது, இப்படிச் சத்தம் போடறது?" என்று கேட்டாள் திருப்பூர்க்காரி.

"எங்க சூப்பர்வைசர் மேடம்" என்றேன்.