கம்பெனிக் கூட்டத்து விருந்து

எங்கள் தோல் கம்பெனியில் வருஷக் கூட்டம் என்றால் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. சாயபுமார்களுக்குப் பிரியாணி. எங்களைப் போன்றவர்களுக்கு ஐயரை வைத்துத் தனிச் சமையல், வடை பாயசத்தோடு. வயிறு நிறைந்து, வெற்றிலை போட்டு, கண் சொக்குகிற நேரம் பார்த்து மணி அடிப்பார்கள். கணக்கை இங்கிலீஷில் வாசிப்பார்கள். யார் வாயைத் திறப்பார்கள்? ஒருத்தர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் அவரையே கேள்வி கேட்பது நம் பக்கத்து மனுஷனுக்கு வராது. எல்லோரும் கையைத் தூக்குவோம். கூட்டம் முடிந்துவிடும்.

பிள்ளைகளே, அந்தக் கம்பெனியில் நானும் ஒரு சின்னப் பங்குக்காரன். உங்கள் அம்மாவின் காசுமாலையை விற்று வாங்கிய பங்கு அது. அதோடு, நம் காளவாயில் சுடுகிற சுண்ணாம்பும் முக்கால்வாசி அங்கேதான் போகும். தோலில் முடி கழல வேண்டும் என்றால் சுண்ணாம்புக் குழியில் ஊறியாக வேண்டும். ஆகவே ஒரு பக்கம் பார்த்தால் கம்பெனி எனக்குச் சொந்தம். இன்னொரு பக்கம் பார்த்தால் நான் அதன் கையை எதிர்பார்த்து நிற்பவன். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட வருஷத்தைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கோடையில் பாலாறு வெறும் மணல். கம்பெனித் தோல் ஷாப்புக் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. குழிகளுக்குத் தண்ணீர் இல்லாமல் பச்சைத்தோல் கட்டுக்கட்டாக நாறிக்கொண்டு கிடந்தது. நான் வண்டியில் கொண்டுபோன சுண்ணாம்பை, "இப்ப வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது எதிரே ஒரு மாட்டுவண்டி. அதில் வைக்கோல் மெத்தையின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் தொட்டி, ஆள் நீளத்துக்கு. பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். கம்பெனிக் காசில் மேனேஜர் கட்டுகிற புதுப் பங்களாவுக்குப் போகிறதாம். தோல் வாங்க வருகிற சீமைத் துரை தங்கவும் குளிக்கவும். அதற்கு வழிவிட்டு நான் என் வண்டியை ஓரம் கட்டினேன்.

அந்த வாரமே ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூன்று பங்குக்காரர்கள் கூடினோம். நான், தோல் வியாபாரம் செய்யும் வயசான பாய் ஒருவர், ஸ்டேஷன் கிளார்க்.

"தொட்டியைப் பாத்தியாப்பா?" என்றார் பாய்.

"இறக்கினதே நாங்கதான் பாய்," என்றார் கிளார்க். "நாலு கூலியாளு மூச்சு வாங்கினாங்க."

"தொரை முதுகு தேய்க்கறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல நம்ம தோலுக்குத் தண்ணி காட்டச் சொல்லு. பங்களாவுக்குப் போட்ட காசுல பாதி போட்டிருந்தா கிணறு ஆழமாயிருக்கும்."

கூட்டத்தில் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பாய்தான் ஆரம்பிப்பார். நாங்கள் இருவரும் பின்னாலேயே எழுந்திருப்போம்.

வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கேக்காம வந்தா என் மாலை போச்சு. கேட்டா காளவாய் போச்சு. எது போனா தாங்குவீங்கன்னு நீங்களே பாத்துக்குங்க." அவ்வளவுதான் சொன்னாள். நீங்கள் மூன்று பேரும் அப்போது தாழ்வாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

யோசித்து யோசித்து எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கூட்டத்தன்று அங்கே சாப்பிடக் கூடாது. வீட்டிலேயே கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

போனால் பாய் பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குனிந்து, "பாய், ஞாபகம் இருக்கில்ல?" என்றேன்.

"எலும்பு கையில இருக்கறப்ப இன்னாப்பா பேச்சு? போ, போய் சாப்புடு."

கிளார்க் என்னைப் பார்க்காமல் ரெண்டாவது தட்டு வாங்கினார். நான் தூணோரம் நின்றேன். இலையில் உட்காராமல் நிற்கிறவன் யார் கண்ணில்தான் படமாட்டான்? மேனேஜரே நேராக வந்துவிட்டார். நல்ல மனுஷர். உங்கள் அம்மாவுக்கு ஜுரம் கண்டபோது கேட்காமலே ஜட்கா அனுப்பினவர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

"இன்னா அண்ணே, ஐயர் சமையல் பிடிக்கலையா?"

"வயிறு பேஜாரா இருக்கு சாயபு."

"அடடா!" என்று ஆளை விரட்டி கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். தானே கட்டை விரலால் கோலியை அமுக்கி உடைத்து என் கையில் கொடுத்தார். எனக்கு அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

மணி அடித்தது. கணக்கு வாசித்தார்கள். "யாராவது கேக்கணுமா?" என்றார் மேனேஜர், வழக்கம்போல. பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கமா, தூங்குகிற மாதிரியா, தெரியாது. கிளார்க் தன் பூட்ஸையே பார்த்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்து சோடா பாட்டில் வழுக்கியது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

"சாயபு, கிணத்துல தண்ணி இல்ல. தோல் வீணாப் போவுது. பங்களாவுக்கு இவ்ளோ போட்டீங்களே, கிணறு வெட்ட ஏன் போடல?" குரல் என்னுடையது மாதிரியே இல்லை, கீச்சென்று வந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. "அண்ணே, போன தடவை தொரை ஸ்டேஷன்ல உக்காந்து கொசுக்கடி பட்டுட்டு அடுத்த ரயில்லயே போய்ட்டாரு. இங்க ரெண்டு நாள் தங்கினாருன்னா, நம்ம சரக்கைப் பிரிச்சுப் பாத்து நல்ல விலை சொல்வாரு. தூண்டிலுக்குப் புழு வாங்கறதையா செலவுன்னு சொல்றது?"

நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை.

"பங்களா சரி சாயபு. அந்தத் தொட்டிக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்?"

பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் கேட்டேன். மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. காளவாய் போயிற்று என்று அப்போதே நினைத்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. பாய் மட்டும் காது சொறிகிற மாதிரி பாதி தூக்கினார். என் கை சோடாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு மழை பெய்தது, கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் ஊறியது, குழிகள் நிறைந்தன. எங்களுக்கு மட்டும் ஆர்டர் வரவில்லை. காளவாயை மூட்டாமல் போட்டிருந்தோம். ரோட்டில் மாட்டுச் சலங்கை கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். உங்கள் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பால்காரனை நிறுத்தினாள், உங்களுக்கு வெல்லத் தண்ணீர் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு காலையில் கம்பெனி ஆள் வந்தான். "தொரை வர்றாரு. பங்களாவுக்கு வெள்ளையடிக்கணும். நைசா சலிச்ச சுண்ணாம்பு வேணுமாம். உங்ககிட்டதான் வாங்கணும்னு மேனேஜர் சொன்னாரு."

மன்னித்துவிட்டாரா? வாயை அடைக்கிறாரா? கேலியா? ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் அம்மா அதற்குள் சல்லடையை எடுத்துவிட்டாள்.

மூட்டைகளை நானே கொண்டுபோனேன். மேனேஜர் குளியல் அறையில் நின்றிருந்தார். தொட்டியைச் சாக்குப் போட்டுப் பாதி மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு பல்லி.

"அன்னைக்கு அவ்வளவு பேர் நடுவுல சிரிக்க வச்சிட்டீங்களே அண்ணே," என்றார்.

"சிரிக்க வைக்கணும்னு கேக்கல சாயபு."

"தெரியும். அதான் ஜாஸ்தி வலிச்சுது." சாக்கின் நுனியை இழுத்துச் சரி செய்தார். "சோத்தையும் தொடாமப் போய்ட்டீங்க. என் வீட்டுச் சோறுன்னு நெனச்சீங்களா? அதுவும் கம்பெனிச் செலவுதான். உங்க காசு. வேஸ்டாப் போச்சு."

இத்தனை வருஷமாக எங்கள் காசிலேயே எங்களுக்குச் சோறு போட்டு, நாங்களே அடங்கிப்போய் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் அதைக் குத்தலாகச் சொன்னாரா, சிநேகமாகச் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது. வழியில் பாயைப் பார்த்து அப்படியே சொன்னேன். "யா அல்லா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "நம்ம காசா அது? ரெண்டு தட்டோட நிறுத்திட்டேனே!"

அடுத்த வருஷமும் கிணறு ஆழமாகவில்லை. கூட்டத்துக்குப் போனேன். இலையில் உட்கார்ந்தேன். எங்கள் காசுதானே என்று பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். மணி அடித்தது. "யாராவது கேக்கணுமா?" என்றார் மேனேஜர், என்னைப் பார்க்காமல். பக்கத்தில் பாய் என் தோளை ஊன்றிக்கொண்டு மெதுவாக எழுந்தார். கையில் மசாலா வாசனை. நானும் எழுந்தேன்.

கம்பெனி ஆர்டர் மறுபடி வந்து, வீட்டில் அன்றைக்குக் காளவாய் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் எரியுமா என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தேன்.