நம்பரை எடுத்துடுங்க

முபாரக் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் செய்வார். ஜாலான் புசார் கடைத்தெருவில் முப்பத்தெட்டு வருஷம் ஆணியும் திருகும் கீலும் விற்றவர். அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்று தெளிவாகக் கேட்காமல் சாமானைக் கையில் கொடுக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் கார் விஷயத்தில் போய்க் கோட்டை விட்டார்.

அவர் காரின் எண் 2772. மனைவி முனீரா ஆசைப்பட்டு, ஏலத்தில் கேட்டு வாங்கிய எண். "முன்னால படிச்சாலும் பின்னால படிச்சாலும் ஒண்ணுதான் லா. கார்பார்க்ல தேட வேணாம்" என்றார் அப்போது. மூன்று கார் மாறியும் எண் மாறவில்லை. இந்த இரண்டு வருஷமாக முனீராவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. பிள்ளைகளின் பெயர் மறந்தது, பிடோக் வீடு எத்தனையாவது மாடி என்பது மறந்தது. எண் மறக்கவில்லை. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பணிப்பெண் கீழே கூட்டி வருவாள். கார் வந்து நிற்கும். எண்ணைப் பார்த்ததும், "என் வீட்டுக்காரர் வந்துட்டார்" என்று ஏறிக்கொள்வார். வேறு வண்டியில் ஏறவே மாட்டார். ஒருமுறை ஆம்புலன்ஸையே திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த ஊரில் காருக்குப் பத்து வருஷம்தான் அனுமதி; அது முடிந்தது. பழையதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். கார்த் தரகர் ஷங்கரிடம் முபாரக் போனில் ஒன்றைத்தான் வற்புறுத்திச் சொன்னார்.

"தம்பி, மறந்துடாதீங்க. நம்பரை எடுத்துடுங்க."

"சரி பாய், எடுத்துடறேன்."

ஷங்கர் அனுப்பிய படிவங்களுக்கெல்லாம் போனிலேயே சம்மதம் கொடுத்தார். புதுக் காரை எடுக்கப் போன அன்று, ஷங்கர் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே பழைய காரின் இரண்டு எண் தகடுகள்.

"பத்திரமா கழட்டி எடுத்துட்டேன் பாய்."

முபாரக் புதுக் காரைத் திரும்பிப் பார்த்தார். யாருடைய எண்ணோ!

"இதுல போடலையா?"

"நீங்கதானே பாய் எடுத்துடச் சொன்னீங்க?"

"எடுத்து இதுல போடச் சொன்னேன்யா!"

ஷங்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. காரைக் கழிக்கும்போதே எண்ணை நிறுத்திவைக்க எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரோடு எண்ணும் போனது, இனி வராது. முபாரக் யாரைத் திட்டுவது? எடுப்பது என்றால் தமிழில் வைத்துக்கொள்வதும் உண்டு, அப்புறப்படுத்துவதும் உண்டு. பாழாய்ப்போன இந்தப் புத்தி அன்றைக்கே வேலை செய்திருக்கக் கூடாதா!

மறுநாள் டயாலிசிஸ். வீடு இருக்கும் புளோக்குக்குக் கீழே காரை நிறுத்தினார். முனீரா எண்ணைப் படித்தார், பின்னால் போய் இன்னொரு தடவை படித்தார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டார்.

முபாரக் இறங்கி ஓடினார். "முனீரா, நான்தாம்மா. ஏறும்மா, நேரமாச்சு."

முனீரா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்நிய ஆண் எதிரே நிற்பதைப் போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தப்பா வந்துட்டீங்க அண்ணே" என்றார், மரியாதையாகத்தான்.

நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளின் வாயிலிருந்து, அண்ணே! முபாரக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றார் முனீரா. "என் வீட்டுக்காரர் வண்டி இங்கதான் வந்து நிக்கும்."