மாமியின் வண்ணம்

கோட்டாற்றில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த கொப்பரை சேர்த்து வைக்கும் கிட்டங்கியின் உத்தரத்தில் ஒரு பெரிய தராசு தொங்கியது. கனத்த இரும்புச் சங்கிலிகள், கீழே இரண்டு பலகைத் தட்டுகள். நான் மருமகளாக வந்த வருடத்து நோன்புப் பெருநாளன்று, ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுப் பெண்கள் எல்லாரும் கிட்டங்கிக்குள் புகுந்து அந்தத் தராசில் ஏறி விளையாடினோம். எதிர்த் தட்டில் ஒற்றைக் கொப்பரைச் சாக்கை வைத்ததுமே நான் அந்தரத்தில் தொங்கினேன். மாமி ஏறி உட்கார்ந்தபோது சாக்குக்கு மேல் சாக்காக அடுக்கியும் தட்டு தரையை விட்டு எழவில்லை. "வைங்கட்டி, இன்னும் வைங்க! கிட்டங்கியில சரக்கு தீந்து போச்சா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் சங்கிலிகள் குலுங்கின.

மாமி என் கணவரின் தாய். கடலோரத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து கோட்டாற்றுக்கு வாழ்க்கைப்பட்டவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும்; போதும் என்பதற்கு ‘மதி’ என்பார். உடம்பு பருத்திருப்பதை எங்கள் பக்கத்தில் ‘வண்ணம்’ என்போம். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அது முப்பதுகளின் நடுப்பகுதி. மெலிந்தவர் என்றாலே க்ஷயமோ மலேரியாவோ என்று மனம் பதறும் காலம். வண்ணம் வைத்த பெண்ணைக் கண்டால் அவள் வீட்டில் குறைவில்லை, நோய் அண்டாது என்றுதான் நினைப்போம். தெருவில் குழந்தை பெற்றவர்கள் குழந்தையின் முதல் ஆடையை மாமியின் மடியில் வைத்து வாங்கிப்போவார்கள், அந்தச் செழிப்பு ஒட்டிக்கொள்ளட்டும் என்று. என்னைக் கண்டால்தான் அவருக்குக் கவலை. நெய்யும் முட்டையும் தேங்காய்ப்பாலுமாக என் தட்டை நிரப்பி எதிரே உட்கார்ந்துகொள்வார். "தின்னு மோளே. ஒனக்க உம்மா வந்து பாத்தா என்னைப் பத்தி என்ன நெனப்பா?"

ஒரு நாள் மதியம் பாங்கு சொல்லி வெகுநேரமாகியும் மாமியின் தொழுகைப் பாய் மடித்தபடியே கிடந்தது. மாதவிலக்கு நாட்களில்தான் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. மாமிக்கு அது நின்று பல வருடங்களாகியிருந்ததால் அவர் ஒரு வேளைத் தொழுகையையும் விட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்த நாளில்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தொழுதவர். "என்ன மாமி, இன்னைக்குத் தொழல்லியா?" என்று கேட்டேன். அவர் முகம் புதுப்பெண்ணின் முகம் போலச் சிவந்தது. பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, "சொன்னா சிரிப்பே. நின்னது திரும்பி வந்திரிக்கி. இந்த வயசுல எனக்கு எளமை திரும்புது பாத்தியா?" என்றார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. அது சிரிக்கக்கூடிய சமாச்சாரம் இல்லை என்று சொல்லக்கூடியவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

அந்த ரத்தம் சில நாள் நின்றது, பிறகு வந்தது, மறுபடியும் நின்றது. மாமி அதை யாரிடமும் சொல்ல விடவில்லை. அடுத்த மழைக்காலம் வந்தபோது அடிவயிற்றில் வலி தொடங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். மாமி சோற்றை மிச்சம் வைத்தது மாமாவைக் கலங்கடித்துவிட்டது. நான் நடந்ததையெல்லாம் என் கணவரிடம் சொல்ல, அவர் தகப்பனாரிடம் சொல்ல, மறுநாளே மேற்கே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் மாமிக்கென்று தனியாக ஒரு இருக்கையை ஒழித்துக் கொடுத்தார்கள். அந்த மரியாதையில் அவர் கொஞ்சம் தெளிந்து, வழியெல்லாம் எனக்கு ஊர்களின் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்.

அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். மலையாளி, நடுவயது, மெதுவான குரல். மாமியை முதலில் எடை மேடையில் நிறுத்தினார்கள். "எப்பவும் இந்த உடம்புதானா?" என்று டாக்டர் கேட்டார். "கல்யாணம் கழிஞ்சு வரும்போ நான் இந்தா இவளப் போல ஈர்க்கிலாட்டம் இருந்தேன் டாக்டரே. இது எனக்க மாப்பிள வீட்டுச் சோறு" என்று மாமி பெருமையாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. திரைக்கு உட்புறம் வெகுநேரம் பரிசோதித்தார். கை கழுவிவிட்டு வந்து, மாமாவை அழைக்கட்டுமா என்று கேட்டார். "எனக்க உடம்பு. எனக்கிட்ட சொல்லுங்க" என்றார் மாமி.

டாக்டர் சொன்னார். கர்ப்பப்பையில் புற்று. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கண்டதுதான் முதல் அடையாளம். அப்போதே வந்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இப்போது அது வெளியே பரவிவிட்டது. நான் மாமியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. எளமை திரும்புது என்று நாங்கள் சேர்ந்து சிரித்தது எதைப் பார்த்து என்று அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

மாமி கேட்டது வேறொன்று. "உடம்பப் பத்தி எதுக்குக் கேட்டிய?"

டாக்டர் நாற்காலியை மாமியின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த நோயோட எங்கிட்ட வாற பெண்கள்ல வண்ணம் உள்ளவங்க கூடுதல். எனக்கு முன்னால இங்க இருந்த டாக்டரும் அதத்தான் சொன்னாங்க. ஏன்னு எனக்கு அறியாது."

"அப்போ தின்ன சோறா என்னைத் தின்னுது?"

"அப்படி இல்ல உம்மா. வண்ணம் உள்ள எல்லாருக்கும் வாறதில்ல. மெலிஞ்சவங்களுக்கும் வருது. இது நீங்க செஞ்ச குத்தம் ஒண்ணும் இல்ல. நான் கண்டதச் சொன்னேன், அவ்வளவுதான்."

சாவு நெருங்குகிறது என்ற செய்தியை வாங்கிக்கொண்ட மாமியால் இதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாருடையவோ கைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஊரே கொண்டாடிய உடம்பு அது. மாமாவின் பெருமை அது. குழந்தைகளின் ஆடையைத் தொட்டுக் கொடுத்த மடி அது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எந்த ஊரின் பெயரையும் சொல்லவில்லை. எந்தச் செழிப்பைப் பார்த்து நோய் அண்டாது என்று நம்பினோமோ, அதற்குள்ளேயே நோய்க்கு இடம் இருந்திருக்கிறது.

ஒரு வாரம் கழிந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போனதும், சொந்தத்துப் பெண்களையெல்லாம் நடுக்கூடத்துக்கு அழைத்தார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தன் தங்கையையும் வரச் சொல்லியிருந்தார். சின்ன மாமி என்று நான் அழைத்த அவரும், ‘தாத்தா’ என்று தான் அழைக்கும் அக்காவைப் போலவே வண்ணமானவர். சிரித்த முகத்தோடு பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு மாமி, பெண்கள் தங்களுக்குள்ளேகூடச் சாடையாகப் பேசும் விஷயத்தை, பச்சையாக, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். நின்றுபோன பிறகு ரத்தம் கண்டதை, அதை மறைத்ததை, டாக்டர் நோய்க்குச் சொன்ன பேரை, தன் உடம்பைப் பற்றிச் சொன்னதையும்கூட. ஒரு பெண் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று வாயைப் பொத்தினாள். இன்னொருத்தி, "சோத்தத் தின்னா நோவு வருமா? இந்த டாக்டருக்குப் பைத்தியமா?" என்று எழுந்தாள்.

"இரிட்டி" என்றார் மாமி. "எனக்கு வெக்கம் போச்சு, இனி ஒங்கள்ல யாருக்க உசிரும் போவாண்டாம். இதுல யாருக்காவது நின்ன பெறவு ரத்தம் கண்டிருக்கா? இப்ப சொல்லணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தற்செயலாகச் சின்ன மாமியைப் பார்த்தேன். அந்தச் சிரித்த முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. கையிலிருந்த வெற்றிலை நழுவித் தரையில் விழுந்ததை அவர் எடுக்கவும் இல்லை. மாமியும் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பலேருந்துட்டி?" என்று கேட்டார். "போன மாசம் ரெண்டு மட்டம் கண்டுது தாத்தா. சூடாக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சின்ன மாமி சிறுபிள்ளை போல அழுதார். மாமியின் உடம்பு முழுவதும் நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். தன் நோயைக் கேட்டபோதுகூட அவர் அப்படி நடுங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே சின்ன மாமியை அதே டாக்டரிடம் கொண்டுபோனோம். அதே நோய்தான், ஆனால் தொடக்கம். அந்த உடம்பை மயக்கி அறுப்பது ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சின்ன மாமியின் கணவர் கையெழுத்துப் போடத் தயங்கியபோது, நிற்க முடியாத மாமி சுவரைப் பிடித்து நின்று, "கத்தி வச்சா பயம், வைக்காட்ட நான்தான் கண்முன்ன நிக்கேனே, பாத்துக்கிடுங்க" என்றார். அவர் கையெழுத்துப் போட்டார். சின்ன மாமி பிழைத்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்து, என் மகளின் கல்யாணத்துக்கும் வந்து வாழ்த்திவிட்டுத்தான் போனார்.

தொண்ணூறை நெருங்கும் இந்த வயதில் நான் போகிற ஆஸ்பத்திரியில், எடை கூடுவது கர்ப்பப்பைப் புற்றுக்கும் இன்னும் பல புற்றுகளுக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்று சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். உடம்பின் கொழுப்பும் ஒரு சுரப்பியைப் போல வேலை செய்கிறது என்று இளம் டாக்டர் விளக்குகிறார். காத்திருக்கும் பெண்கள் அதை ஏறிட்டும் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் அந்த எழுத்துகளை இன்றும் பதறாமல் படிக்க முடிவதில்லை.

மாமி அடுத்த கோடையைத் தாண்டவில்லை. கடைசி மாதத்தில் அவர் வளையல்கள் முழங்கை வரை தளர்ந்து ஏறின. பார்க்க வந்தவர்கள், மெலிந்துபோனதால்தான் இந்த நிலை என்று சொல்லி அழுதார்கள். மாமி மறுத்துப் பேசவில்லை, அதற்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மீண்ட சின்ன மாமி, வயிற்றுத் தையல் தழும்பைக் கையால் தாங்கியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாமி தங்கையின் கையைத் தேடிப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நீ இரிக்கேல்லா," என்றார். "அது மதி."