சிவப்புப் பலகைக்கு அப்பால் கண்டங்கத்தரி

காலை 6.40. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் உன்னிச்சைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் நாற்பத்தெட்டு ரூபாய். போர் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வலையிறவுப் பாலத்தடியில் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, மறுபக்கம் நடந்துபோய் ஏறிக்கொண்டோம். வாவிக்கு மேற்கே நான் வருவது இதுதான் முதல் தடவை. நாலு வருடம் பிந்திய பயணம்.

நாவலப்பிட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுனாமிக்கு அடுத்த மாதம், செட்டிபாளையத்தில் ஓர் அகதிமுகாமில் மூன்று வாரம் மருந்து கொடுக்கும் வேலை செய்தேன். அங்கேதான் தங்கராசாவையும் அவர் மனைவி யோகேஸ்வரியையும் சந்தித்தேன். கடல் அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோயிருந்தது. எட்டு வயது மகள் வினோவுக்கு முட்டு நோய். மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். யோகேஸ்வரி கண்டங்கத்தரி அவித்துக் கொடுப்பார்.

அது தரையோடு படரும் செடி. தண்டிலும் இலையின் இரு பக்கமும் ஊசி முள். பூ ஊதா, காயில் வெள்ளை வரி இருக்கும், பழுத்தால் மஞ்சள். வேரோடு பிடுங்கிக் காயவைத்து, திப்பிலி சேர்த்து அவித்துக் குடித்தால் சளி இளகும் என்பார்கள். பழம் மட்டும் ஆகாது. முகாமில் இரண்டு பிள்ளைகள் அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கச் சத்தியெடுத்தார்கள். அன்று மாலையே சுற்றியிருந்த செடியெல்லாம் பிடுங்கி எரிக்கச் சொன்னேன். யோகேஸ்வரி காயவைத்திருந்த செடிக்கட்டையும் நானே நெருப்பில் போட்டேன்.

"இது நஞ்சு, இனித் தொடாதீங்க. பிள்ளைக்கு இழுக்கிற மருந்தை மாசாமாசம் நான் அனுப்புறேன்" என்றேன். உன்னிச்சையிலிருக்கும் தன் தாய்வீட்டு முகவரியை அவர் ஒரு காகிதத் துண்டில் எழுதித் தந்தார்.

ஒரு தடவை அனுப்பினேன்.

8.05. உன்னிச்சைச் சந்தி. இரண்டு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர்.

"ஆரிட்ட போறீங்க மிஸ்?"

"தங்கராசா வீட்டுக்கு."

"கால் இல்லாத தங்கராசாவா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வீதியோரப் பற்றைக்குள் மண்டையோடு வரைந்த கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. வாயை மூடிக்கொண்டேன்.

யோகேஸ்வரி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க மிஸ், இரிங்க" என்று கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். தங்கராசா வேப்பமர நிழலில் குளத்து மீனுக்கான கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நான் கேட்காமலே சொன்னார்.

"இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து ரெண்டாம் மாசம் மிஸ். புள்ளைக்கு முட்டு. விடாத மழை, பஸ் இல்ல. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனமும் கிடைக்கல்ல. பலகைக்கு அங்கால கண்டங்கத்தரி படர்ந்து கிடந்தத, ரோட்டால போகக்குள்ள கண்டிருந்தன்."

"பலகையைப் பார்க்கலையா?"

"பாத்தன். ரெண்டு எட்டுத்தானே எண்டு நினைச்சன்."

யோகேஸ்வரி கதவருகில் நின்றபடி பேசினார். "நீங்க சொன்ன பிறகு நான் அதத் தொடல்ல மிஸ். மருந்துப் பாசல் வரும் வரும் எண்டு இருந்தம். முந்தியப் போல காஞ்ச கட்டு ஒண்டு வீட்டில கிடந்திருந்தா, இந்த மனுசன் அதுக்குள்ள போயிருக்கமாட்டார்."

"விடுகா" என்றார் தங்கராசா. "பாதையெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். அவ என்ன செய்யிற?"

இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் அதுதான். அவர் வாயால் கேட்டபோது தாங்க முடியவில்லை.

"அதுக்கு முன்னாடி ஒரு வருசத்துக்கு மேல பாதை திறந்துதான் இருந்திச்சு அண்ணன். நான்தான் அனுப்பல்ல."

கடை வேலை, தங்கையின் கல்யாணம், நாளைக்கு, அடுத்த கிழமை. அவ்வளவுதான் காரணம். அதையும் சொன்னேன். தங்கராசா தலையை நிமிர்த்தவில்லை. வலையில் அடுத்த கண்ணைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார்.

வினோ கிணற்றடியிலிருந்து வந்தாள். பன்னிரண்டு வயது, தாயின் உயரம். கொண்டுபோன மூன்று இன்ஹேலர்களையும் அவளிடம் கொடுத்தேன். வாங்கி, லேபலைத் திருப்பி வாசித்தாள்.

"இதுதான் கிளினிக்கிலயும் தாறாங்க மிஸ். இப்ப மாசாமாசம் போய் எடுக்கிறன்" என்றாள். பெட்டிகளை நேர்த்தியாக அலமாரியில் அடுக்கினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன.

மதியம் யோகேஸ்வரி குளத்து மீன் குழம்போடு சோறு போட்டார். கேட்காமலே இரண்டாம் தடவையும் வைத்தார்.

பிற்பகல் 1.45. ஆட்டோ வந்து நின்றது. யோகேஸ்வரி வேலிப் படலை வரை வந்தார்.

"தை மாசம் திரும்ப வா..." என்று தொடங்கினேன்.

"வாறனெண்டு சொல்லாதீங்க மிஸ்" என்றார். குரலில் கோபமில்லை. "வந்தா வாங்க. சோறு இரிக்கும்."

எங்கள் ஊரிலும் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்வோம். 'போறேன்' என்று ஒருவரும் சொல்வதில்லை. அன்று அந்தப் படலையில் எனக்கு இரண்டும் வரவில்லை. ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.